வசனத்துக்கு முன்னால் வந்த சிரிப்பு

டைரக்டர் ஆரின் டேபரின் சிறந்த படங்கள் எவை என்று ஏதாவது ஒரு பத்திரிகை அவ்வப்போது வரிசை போடுகிறது. வரிசை மாறும், சண்டை மாறாது. கோர்ட்டில் நடக்கும் ‘மூன்றாவது மாமியார்’தான் முதலிடம் என்பார் ஒருவர். குதிரை ஏறத் தெரியாதவனை வைத்து எடுத்த ‘ஷெரிஃபுக்குச் சளி’ என்பார் இன்னொருவர். பேய்க்கதையான ‘மாடியில் வாடகைக்கு’, இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் சரணடையப் போட்டி போடும் ‘வெள்ளைக்கொடி’ என்று ஆளுக்கொரு கட்சி. இவ்வளவையும் ஒரே ஆளா எடுத்தார் என்று மூக்கில் விரல் வைப்பார்கள். கடைசியில் சமாதானமாகி, அவருடைய கடைசிப் படமான ‘அப்பாவுக்கு முடியவில்லை’யை உச்சியில் வைத்துவிடுவார்கள். அதுவும் அந்தத் தொலைபேசிக் காட்சிக்காக.

அந்தக் காட்சி எப்படி அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். ஆரின் உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவரிடமிருந்து யாரும் எந்தப் படத்தையும் பிடுங்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

நான் வெர்னா லிண்ட்குவிஸ்ட். மேலே சொன்ன படங்களையெல்லாம் எடிட் செய்தவள். பெயர் போடும்போது யாரும் படிக்காத இடத்தில் என் பெயர் வரும். நான் சந்தேகப் பிராணி என்று ஊருக்கே தெரியும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நடிகர், கேமராமேன், டைரக்டர் எல்லோரும் “இது பிரமாதம்” என்று கொண்டுவந்து கொட்டுவதை நம்பாமல் பார்க்கத்தான் ஸ்டுடியோ என்னை வைத்திருந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காமெடி எடுக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு நகைச்சுவையைச் சொன்னால், கேட்கிற எழுத்தாளர் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற முகத்தோடு “ம், சிரிப்பா இருக்கு” என்பார். அதுதான் பெரிய பாராட்டு. படம் வெளியாகும் முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி நாடி பார்க்கும் பிரிவியூ காட்சியில் அது இன்னும் கறார். நாங்கள் சிரித்தால் ஜனங்களின் சிரிப்பைக் கேட்க முடியாது. அதற்காகத்தானே போகிறோம். தியேட்டரின் இரண்டு ஓரத்திலும் மைக்கைத் தொங்கவிட்டு, ஜனங்கள் சிரிப்பதை டேப்பில் பதிவுசெய்வோம். பிறகு எடிட்டிங் ரூமில் அந்தச் சிரிப்பைப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டு, எங்கே சிரிப்பு நீள்கிறதோ அங்கே ஒரு முகத்தைக் கொஞ்சம் நீட்டி வைப்பேன். இல்லாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் முழுகிப் போகும். எங்கே சிரிப்பு வரவில்லையோ அங்கே கத்தரிக்கோல். இத்தனை வருடத்தில் ஆரின் சிரித்து நான் கேட்டதில்லை. நான் சிரித்து அவர் கேட்டதில்லை. 

‘அப்பாவுக்கு முடியவில்லை’ அவருக்கு வாழ்வா சாவா என்கிற படம். அதற்கு முந்தைய இரண்டும் ஓடவில்லை. ஸ்டுடியோவில் புதிதாக வந்திருந்த ப்ரெஸ்காட் என்ற இளவட்டம் ஒப்பந்தத்தில் கொக்கி போட்டிருந்தார். இரண்டு பிரிவியூ நடக்கும். ஜனங்களுக்குப் பிடித்தால் ஆரின் வெட்டியபடியே படம் வெளியாகும். பிடிக்காவிட்டால் ஸ்டுடியோ படத்தை எடுத்துக்கொண்டு தன் இஷ்டப்படி வெட்டும். ப்ரெஸ்காட்டுக்கு முதலில் வெட்ட வேண்டியது எது என்பதில் சந்தேகமே இல்லை. தொலைபேசிக் காட்சி.

காட்சி இதுதான். மனைவியை இழந்த கிழவர் ஒருவர், எட்டிப் பார்க்காத பிள்ளைகளை வரவழைக்கச் சாகக் கிடப்பதுபோல நடிக்கிறார். நடிப்பு எடுபட வேண்டுமே என்று திருட்டுத்தனமாகச் சவப்பெட்டிக் கடைக்கும் ஃபோன் போட்டு, கண்ணாடி முன் நின்று தன் உடம்பையே அளந்து அளவு சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வந்து கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஃபோன் அடிக்கிறது. மூத்த மகன் எடுக்கிறான். கடைக்காரரின் குரல் மட்டும் கேட்கும்: “சார், நீங்க குடுத்த அளவுக்குப் பெட்டி ரெடி. ஆனா எதுக்கும் நீங்களே ஒரு தடவ நேர்ல வந்து படுத்துப் பாத்துட்டா நல்லது.” மகனின் முகம். அவ்வளவுதான்.

“சாவுல காமெடியா? இந்த நாட்டுல எல்லாருக்கும் அப்பா இருக்காங்க, மிஸ்டர் டேபர்,” என்றார் ப்ரெஸ்காட்.

“அதனாலதான் எடுத்தேன்,” என்றார் ஆரின்.

முதல் பிரிவியூ பாசடீனாவில் ஒரு சாயங்காலம். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. ஆரினின் ஏஜென்ட் லூ பெஸ்கின் வாசலில் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார், டிக்கெட் கிழிக்கிற பெண் உட்பட. எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை டேப்பைப் போட்டுக் கேட்கும்வரை நீடித்தது.

தொலைபேசிக் காட்சி வந்தது. மகன் ஃபோனை எடுக்கிறான். கடைக்காரர் பேச ஆரம்பிக்கிறார். அவர் “பெட்டி” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் டேப்பில் ஒரு சிரிப்பு. ஒரே ஒரு ஆளின் சிரிப்பு, வறண்டு, அடைத்துக்கொண்டு, ஹெக் ஹெக் என்று. அதற்கப்புறம் வசனம் முடிகிறது, அதற்கப்புறம்தான் தியேட்டர் சிரிக்கிறது.

திரும்பப் போட்டேன். அதேதான். மற்ற இடங்களையும் தேடினேன். கண்ணால் பார்த்துச் சிரிக்கிற இடங்களில் அந்த ஹெக் ஹெக் கூட்டத்தோடு சரியாகச் சேர்ந்து வந்தது. வசனத்துக்குச் சிரிக்கிற இடங்களில் சில சமயம் முந்தியது, சில சமயம் பிந்தியது. வசனம் வருவதற்கு முன்னால் யார் சிரிப்பார்? வசனத்தை முன்பே தெரிந்தவன் சிரிப்பான். 

ஆள் வைத்திருக்கிறார்கள்.

இது எங்கள் ஊரில் நடக்காத விஷயம் இல்லை. நாலு சிரிப்பாளிகளைக் கூட்டத்தில் தூவினால் தியேட்டரே தொற்றிக்கொள்ளும். ஆனால் அப்படிச் செய்தால் என் டேப் பொய். பொய்ச் சிரிப்புக்கு இடம் விட்டு நான் படத்தை நீட்டினால், நிஜமான ஜனங்கள் முன்னால் அந்த இடமெல்லாம் காலி வீடு மாதிரி நிற்கும். அதைவிட மோசம், ப்ரெஸ்காட் காதுக்குப் போனால் அவருக்கு வேறு காரணமே வேண்டாம். படத்தை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நேரே லூவிடம் போனேன். ஃபேர்ஃபாக்ஸில் அவருடைய வழக்கமான கடையில் பாஸ்ட்ராமி இறைச்சி வைத்த ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லூ, பாசடீனாவுல சிரிக்கிறதுக்கு ஆள் வெச்சீங்களா?” என்று கேட்டு, டேப்பில் இருந்த ஹெக் ஹெக்கை அப்படியே செய்து காட்டினேன்.

“உக்காரு கண்ணு. ஊறுகாய் எடுத்துக்கோ.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“ஆள் வெக்கிறதா இருந்தா அழகா சிரிக்கிறவனா பாத்து வெக்க மாட்டனா? நீ சிரிச்சுக் காட்டுனியே, அப்படி நாய் இருமுற மாதிரி சிரிக்கிறவனையா வெப்பேன்? ஏம்மா, எனக்கு ஒரு ரசனை இல்லியா?”

“அப்ப யாரு?”

“யாரோ ஒருத்தன் சிரிச்சான். காமெடிப் படத்துல சிரிச்சது ஒரு குத்தமா? வெர்னா, நீ கல்யாண கேக் குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுச் சாப்பிடுற ஆளு. போ, போய் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தமாகச் சிரிப்பதுதானே ஏஜென்ட்டின் தொழில். பாதி நம்பினேன். மீதிப் பாதி ஆரின் பக்கம் சாய்ந்தது.

ஏனென்றால் அந்தப் படத்தின் வேலை நடந்த காலம் முழுக்கவே ஆரின் சரியில்லை. முன்பெல்லாம் எடிட்டிங் ரூமில் என் தோளுக்குப் பின்னால் நின்று ஓயாமல் பேசுவார். இப்போது மூவியோலா என்கிற எடிட்டிங் மெஷினுக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்த்தபடி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றன்று எடுத்த ரஷ்ஷைப் போட்டுப் பார்க்கும்போது வசனம் குழறிய டேக்கை நல்லது என்பார், தெளிவாகப் பேசியதைத் தள்ளுவார். “இதுல என்ன சொல்றான்னே புரியலியே” என்றால், “முகத்தப் பாரு” என்பார். ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார், எதுவானாலும் செக்ரட்டரியிடம் சொல்லச் சொன்னார். கார் ஓட்டுவதையும் நிறுத்தியிருந்தார். தாழ்வாரத்தில் நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் போவார். என்னைக் கழற்றிவிட்டு வேறொரு எடிட்டரைப் பிடித்துவிட்டார், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இத்தனை வருடம் உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று வீட்டில் பாத்திரங்களை உருட்டியிருக்கிறேன்.

அன்று மதியம் அவரை உட்காரவைத்து டேப்பைப் போட்டேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. அந்த ஹெக் ஹெக் வந்தது, பிறகு தியேட்டர் சிரித்தது. ஆரின் டேப் மெஷினின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் வலது பக்கம் துள்ளியதும் தலையாட்டினார்.

“பெருசா இருக்கே,” என்றார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சே, அது யாரு?”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரா இருந்தா என்ன? நல்லா சிரிக்கிறான். இருந்துட்டுப் போகட்டும்.”

எழுந்து போய்விட்டார். யார் என்று அவர் கேட்கவில்லை. எங்கே, எந்த இடத்தில், திரும்பப் போடு என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு சிரிப்பு அரை நொடி தள்ளி வந்தால் வாரக்கணக்கில் உயிரை எடுக்கிற மனிதர் அவர். தெரிந்தவன்தான் கேட்க மாட்டான். ஆளை வைத்ததே இவர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வயதான காலத்தில், தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், இத்தனை வருடம் ஜனங்களை ஒரு தடவைகூட ஏமாற்றாத மனிதர் இப்படி இறங்கிவிட்டாரே என்று அழுகையே வந்தது. கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது.

இரண்டாவது பிரிவியூ லாங் பீச்சில், சனிக்கிழமை மதியக் காட்சி. அன்று காலை எடிட்டிங் ரூமில் நான் மட்டும் இருந்தேன். அந்தக் கட்டத்தில் படம் தனிச் சுருளாகவும் சத்தம் தனிச் சுருளாகவும்தான் இருக்கும், இரண்டையும் சேர்த்து ஓட்டுவார்கள். சத்தச் சுருளில் சவப்பெட்டிக் கடைக்காரரின் வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு வெறும் சுருளை ஒட்டினேன். படத்தில் கை வைக்கவில்லை. மகன் ஃபோனை எடுப்பான், காதில் வைப்பான், முகம் மாறும். வசனம் மட்டும் இருக்காது. வைத்த ஆள் மனப்பாடமாக வைத்திருப்பான், இல்லாத நகைச்சுவைக்குச் சிரிப்பான், மாட்டிக்கொள்வான். கையும் களவுமாகப் பிடித்து ஆரின் முன்னால் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

ப்ரெஸ்காட் கண்டுபிடித்தால்? ஒரு வசனம் விட்டுப்போய்விட்டது, எடிட்டர் தப்பு என்று என் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படத்தையே பணயம் வைக்கிறேன் என்பது அன்று காலை எனக்கு உறைக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் உறைக்காது.

தியேட்டர் நிறைந்திருந்தது. துறைமுகத்து ஆட்கள், மாலுமிகளின் குடும்பங்கள், பாப்கார்ன் வாசனை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன், யார் வாயைத் திறந்தாலும் தெரிய வேண்டும் என்று. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ப்ரெஸ்காட், கோட்டைக் கழற்றாமல். லூ எங்கோ நடுவில் ஒரு குடும்பத்தோடு ஐக்கியமாகிவிட்டார். ஆரின் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிரிவியூவில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

கூட்டம் பாசடீனா மாதிரி இல்லை. சிரித்தது, ஆனால் அளந்து சிரித்தது. ப்ரெஸ்காட்டின் பின்னந்தலையைப் பார்த்தாலே அவர் எதை எதை வெட்டலாம் என்று யோசிப்பது தெரிந்தது. கிழவர் கண்ணாடி முன் நின்று தன்னை அளக்கிற காட்சிக்கு நல்ல சிரிப்பு கிடைத்தது. பிறகு கட்டில். பிள்ளைகள். ஃபோன் அடித்தது.

மகன் எடுத்தான். காதில் வைத்தான். 

ஒன்றும் இல்லை. தியேட்டரில் அப்படி ஒரு அமைதி. யாரோ பாப்கார்ன் பொட்டலத்தை மடிக்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணால் வரிசை வரிசையாகத் துழாவினேன்.

ஹெக். ஹெக் ஹெக்.

என் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன்.

ஆரின். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் திரையில் இருக்க, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆரின் சிரித்தார்! அந்த நிசப்தத்தில், அவர் ஒருத்தர் மட்டும். நிறுத்தவும் இல்லை. ஊரே தன்னோடு சேர்ந்து சிரிப்பதாக நினைக்கிற ஆள் சிரிக்கிற மாதிரி, நிம்மதியாக, நீளமாகச் சிரித்தார்.

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியை எதிரே போட்டது, முள்ளைப் பார்த்தது, “முகத்தப் பாரு”, எடுக்காத ஃபோன், ஓட்டாத கார். படப்பிடிப்பின்போது கடைக்காரரின் வசனத்தை ஸ்க்ரிப்ட் பார்க்கிற பெண் கடகடவென்று படித்தாள். டப்பிங்கில்தான் நிதானமாகப் பேசுகிற நடிகரைப் போட்டோம். ஆரின் தன் மனதில் பதிந்திருந்த அந்தப் பெண்ணின் வேகத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நடிகரின் குரலை அவர் கேட்டதே இல்லை.

ப்ரெஸ்காட்டின் தலை திரும்ப ஆரம்பித்தது. 

காது கேட்காத காமெடி டைரக்டர். அதற்கப்புறம் பிரிவியூ எதற்கு, ஒப்பந்தம் எதற்கு? அந்த மனிதர் திரும்பி, அமைதியான தியேட்டரில் தனியாகச் சிரிக்கிற கிழவரைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இந்தப் படம் மட்டும் இல்லை, மற்ற படங்களும்தான். ‘வெள்ளைக்கொடி’யை எடுத்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அந்தச் செவிட்டுக் கிழவரா என்பார்கள். அமைதியை உண்டாக்கியது நான்.

சிரித்தேன்.

எனக்குச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. இன்னும் ஆரின் பக்கம் பாதி திரும்பியிருந்த முகத்தோடு வாயைத் திறந்ததும் ஏதோ கரகரவென்று பெரிதாக வந்தது. ப்ரெஸ்காட்டின் முகம் பாதி வழியில் என் பக்கம் திரும்பி நின்றது. நான் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சிரித்தேன், இன்னும் சத்தமாக. திரையில் மகன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தான். பிறகு கட்டிலில் கிடக்கிற அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தான்.

முன் வரிசையில் ஒரு பெண்மணி, “அய்யோ, பெட்டிக்காரன்டா!” என்றாள்.

அப்புறம் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒரு வரிசை கண்டுபிடித்து அடுத்த வரிசைக்குச் சொன்னது. அளவெடுத்த காட்சி எல்லோருக்கும் நினைவு வந்தது. பெட்டிக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று ஆளுக்கொரு வசனம் அவரவர் தலைக்குள் ஓட, ஒவ்வொருவரும் தன் வசனத்துக்கே சிரித்தார்கள். அடுத்து வந்த வசனங்கள் சிரிப்பில் முழுகிப்போயின. என் தொழிலில் அதைவிடப் பெரிய பிரச்சினையும் இல்லை, அதைவிடப் பெரிய பாக்கியமும் இல்லை.

படம் முடிந்ததும் ப்ரெஸ்காட் தியேட்டரின் முன்கூடத்தில் எங்களைத் தேடி வந்தார். ஆரின் சுவரோரம் நின்றிருந்தார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

“அந்த ஃபோன் சீன்ல குரல எடுத்துட்டீங்களே, அது யாரோட யோசனை?” ப்ரெஸ்காட் கேட்டபோது பாப்கார்ன் மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரினால் அவர் உதட்டைப் பார்க்க முடியவில்லை.

“ஆரினோடதுதான்,” என்றேன். “கடைசி நேரத்துல சொன்னார். நான் வேணாம்னு சண்ட போட்டேன்.”

ப்ரெஸ்காட் அவர் பக்கம் திரும்பினார். “நான் தோத்துட்டேன், மிஸ்டர் டேபர். அந்த சீன் இருக்கட்டும். படம் நீங்க வெட்டுனபடியே போகும்.”

ஆரின் அவர் உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். “நல்லது,” என்றார். காமெடிக்காரர்கள் சொல்கிற அதே சவப்பெட்டி முகத்தோடு.

என் காரில்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏறியதும், ரோட்டைப் பார்த்தபடி, “நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை ஓரமாக நிறுத்தி, அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

“எவ்வளவு நாளா?”

என் உதட்டைப் பார்த்தார். மழுப்பலாம் என்று ஒரு கணம் யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.

“இடது காது ரொம்ப நாளா இல்ல. வலது காது இந்தப் படம் ஆரம்பிச்சப்ப கொஞ்சம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

“எப்படிங்க படம் எடுத்தீங்க?”

“முகத்தப் பாத்து எடுத்தேன். சிரிப்பு முகத்துலதான வருது.” மடியில் இருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “சொன்னா அந்தப் பையன் அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருப்பான். உங்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டே திரிஞ்ச.”

“நீங்க வேற எடிட்டரப் புடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“பைத்தியமா நீ?”

“ஆமா,” என்றேன். “ஆனா நீங்க ஏன் சிரிச்சீங்க? நீங்க சிரிக்கவே மாட்டீங்களே.”

தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது.

“முன்னெல்லாம் ஜனங்க சிரிக்கிறது கேக்கும். அது போதும், நான் எதுக்கு சிரிக்கணும்? இப்ப பின்னாடி நின்னு பாத்தா, தலைதான் தெரியுது. சிரிக்கிறாங்களா, தூங்குறாங்களா, ஒண்ணும் தெரியல. பாசடீனாவுல தாங்க முடியாம நானே சிரிச்சேன்.” உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். “என் சிரிப்பு மட்டும் இங்க அதிர்றது தெரியுது. யாராவது ஒருத்தராவது சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்ல?”

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அதில் பாப்கார்ன் ஒட்டியிருந்தது.

“அந்த வசனத்த எடுத்துட்டல்ல?” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்காதே.”

“நீ சிரிச்ச. திரையிலேர்ந்து கண்ண எடுத்துப் பாத்தேன், வெர்னா பிரிவியூல சிரிக்கிறா. இத்தன வருசத்துல ஒரு தடவகூட நீ சிரிச்சதில்ல. அப்பவே தெரிஞ்சிடுச்சு, எங்கயோ பெரிய தப்பு நடந்துபோச்சு, இவ காப்பாத்துறான்னு. அப்புறம் அந்தப் பையன்கிட்ட நீ ‘கடைசி நேரத்துல சொன்னார்’னப்ப, என்ன செஞ்சிருப்பன்னு புரிஞ்சுது.”

ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. கார் லேசாக ஆடியது. அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, வெட்கப்படுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“எது? படமா?”

“இல்ல. உன் சிரிப்பு. வாய் பெருசா தொறந்திருந்துச்சு, அது தெரிஞ்சுது. சத்தம் எப்படி இருக்கும்? நான் கேட்டதே இல்லியே.”

அவர் என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தார். அழுகிற உதட்டைப் படிக்க முடியாது என்று நினைத்து, கைக்குட்டையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“உங்களது மாதிரியேதான், ஆரின். நாய் இருமுற மாதிரி.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார், ஹெக் ஹெக் என்று. நானும் சிரித்தேன். அவர் கையை நீட்டி, என் முதுகில் வைத்துக்கொண்டு, நான் சிரித்து முடிக்கும்வரை எடுக்கவே இல்லை.